சும்மா அங்கின்தான்

காற்றுக்காரர் என்றோர் இனம் நம்மிடையே செழிப்பாக வாழ்ந்து வருகிறது. டயருக்குக் காற்றடிக்கிறவரைச் சொல்லவில்லை. முதுகில் பிடித்தாலும், தோளில் குத்தினாலும், தாடை கடுத்தாலும், நெஞ்சின் நட்டநடுவில் யாரோ அம்மிக்கல்லை வைத்துவிட்டு மறந்துபோனதுபோல் அழுத்தினாலும், அத்தனைக்கும் ஒரே காரணம் வயிற்றில் கிடந்த காற்று வழி தெரியாமல் மேலே ஏறிவிட்டதுதான், ஓர் ஏப்பம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அடித்துச் சொல்கிறாரே, அவரைச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் இவருக்கு வாயு. எங்கள் பினாங்கில் மலாயும் தமிழும் ஒரே மேசையில் சாப்பிடுவதால் இவருக்கு வருவது எப்போதும் 'அங்கின்'. அங்கின் என்றால் மலாயில் காற்று. தமிழில் சொன்னால் நம்பாதவர்கள்கூட மலாயில் சொன்னால் நம்பிவிடுவார்கள் என்பது இவருடைய கணக்கு.

வயிற்றுக்கோளாறு உள்ளவரையெல்லாம் இந்த இனத்தில் சேர்த்துவிடாதீர்கள். அசல் காற்றுக்காரர் ஆவதற்கு ஒரு தகுதி வேண்டும். இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருக்க வேண்டும்.

அந்தத் தகுதியைச் சிறப்பாகப் பெற்றிருந்தவர் சண்முகநாதன். வயது அறுபத்து நான்கு. தொழிற்சாலை ஒன்றில் ஸ்டோர் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் ஒன்பதாவது மாடியில் மனைவி பொன்னம்மையோடு குடியிருக்கிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இவருடைய இதயக் குழாயில் அடைப்பு என்று இரண்டு ஸ்டென்ட் வைத்து, நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்ள ஒரு சின்ன ஸ்பிரேயும், எப்போது என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளும் கொடுத்து அனுப்பினார்கள். தாளில் இருந்தது மூன்றே விஷயம். நெஞ்சு வலித்தால் உட்காருங்கள். ஸ்பிரேயை ஒரு முறை அடியுங்கள். ஐந்து நிமிஷத்தில் போகவில்லை என்றால் 999-ஐக் கூப்பிடுங்கள், நீங்களே கார் ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

தாளைச் சண்முகநாதன் மிகுந்த மரியாதையோடு குளிர்பெட்டியின் கதவில் ஒட்டினார். அதன்மேல் இப்போது சமையல் கேஸ் கொண்டுவருகிறவரின் தொலைபேசி எண் ஒட்டியிருக்கிறது.

ஸ்பிரேயின் கதை இன்னும் விசேஷம். அது சாமி அறை அலமாரியில், திருநீற்றுப் பொட்டலத்துக்குப் பின்னால், சீல் உடைக்காமல் பத்திரமாக இருந்தது. ஏன் அடிப்பதில்லை என்று கேட்டுவிடாதீர்கள், காற்றுக்காரரின் தர்க்கம் உங்களைத் தலை சுற்ற வைக்கும். ஸ்பிரே இதயத்துக்கான மருந்து. அதை அடித்துவிட்டால், வந்தது இதய வலி என்று நாமே ஒப்புக்கொண்டதுபோல் ஆகிவிடும். அடிக்காதவரைக்கும் அது அங்கின். எப்படி இருக்கிறது?

இந்த இனத்துக்கென்று ஓர் அகராதியும் உண்டு. அதில் 'வலி' என்ற சொல் கிடையாது. 'ஒரு மாதிரி' உண்டு. 'லேசா பிடிச்சாப்பல' உண்டு. மிஞ்சிப் போனால் 'கொஞ்சம் அடைச்சாப்பல'. நெஞ்சு வலிக்கிறதா என்று நேராகக் கேட்டால், "வலி இல்ல லா, நெஞ்சு ஒரு மாதிரி" என்பார். அந்த 'ஒரு மாதிரி'க்குள் என்னவெல்லாம் அடங்கும் என்று பொன்னம்மைக்கு முப்பத்தெட்டு வருஷமாகப் பிடிபடவில்லை.

அடுத்து, பழி. அங்கின் சும்மா வருமா, அதற்கு ஒரு சாப்பாட்டின்மேல் பழி போட வேண்டும். நேற்று சாப்பிட்ட நாசி கண்டாரில் முட்டைக்கோஸ் இருந்தது, முந்தாநாள் ரொட்டி சானாய்க்கு ஊற்றிய பருப்பு சரியாக வேகவில்லை, போன வாரம் பலாப்பழம். இந்த ஊரில் பிறந்தவனுக்குப் பழி போட ஒரு சாப்பாடு எந்த நேரமும் கைவசம் இருக்கும். வேறு ஊராக இருந்தால் காற்றுக்காரர்கள் எப்போதோ பிடிபட்டிருப்பார்கள்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

அன்று காலை பதினொரு மணிக்குச் சண்முகநாதன் ஜூருவில், பழைய கார் விற்கிற இடத்தில், இருக்க வேண்டும். மூன்று மாதமாக வாராவாரம் பாலம் தாண்டிப் போய், ஒவ்வொரு கெரெத்தாவின், அதாவது காரின், பானெட்டையும் தூக்கிப் பார்த்து, கதவை நாலு தரம் திறந்து மூடி, விற்பவர்கள் எல்லாம் இவரைக் கண்டாலே தேநீர் குடிக்கப் போய்விடுகிற அளவுக்குப் பெயர் வாங்கி, கடைசியில் ஒரு வெள்ளி நிறக் காரைப் பிடித்து வைத்திருந்தார். அன்றைக்குப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டரைக்குள் நல்ல நேரம். சாவி அதற்குள் கைக்கு வந்தாக வேண்டும்.

காலை ஆறரைக்குக் குளிக்கும்போது நெஞ்சு 'ஒரு மாதிரி' ஆனது.

சண்முகநாதன் தன் சோதனைகளைத் தொடங்கினார். எல்லாக் காற்றுக்காரர்களிடமும் ஒரு சோதனைக்கூடம் உண்டு. முதல் சோதனை, விரலால் நெஞ்சை அமுக்கிப் பார்ப்பது. அமுக்கும்போது வலித்தால் தசைப்பிடிப்பு, வலிக்கவில்லை என்றால் அங்கின். இரண்டில் எது வந்தாலும் இதயம் விடுதலை. இரண்டாவது, கை. இதயம் என்றால் இடது கைதான் வலிக்கும் என்று சினிமாவில் பார்த்திருக்கிறார். இவருக்குக் கடுத்தது வலது தோளும் தாடையும். ஆகவே இதயம் இல்லை. மூன்றாவது, நடை. வெளியே போய் லிஃப்ட் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். விழவில்லை. விழாதவனுக்கு என்ன ஹார்ட் அட்டாக்?

நடந்துவிட்டு வந்தபோது பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. காற்றாடிக்கு நேர்கீழே உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருந்தார். சோதனைக்கூடத்தில் இதற்கு இன்னும் சோதனை கண்டுபிடிக்கப்படவில்லை என்பதால் அதைத் துண்டால் துடைத்துவிட்டு ஓமத் தண்ணீர் குடித்தார். இஞ்சியைத் தட்டிப் போட்டு ஒரு தம்ளர். கொஞ்சம் உப்புச் சோடா. ஒரு சின்ன ஏப்பம் வந்தது. உலகத்தில் அவருக்கு அவ்வளவு சந்தோஷத்தை வேறெந்தச் சத்தமும் கொடுத்ததில்லை.

"பாத்தியா, வந்துருச்சு" என்றார் மனைவியிடம்.

"என்ன வந்துருச்சு?"

"ஏப்பம்."

"ஏப்பம் வந்துச்சு சரி, வலி போச்சா?"

"வலி எங்க இருக்கு, ஒரு மாதிரிதானே இருந்துச்சு."

பொன்னம்மை அவர் முகத்தைப் பார்த்தார். சாம்பல் பூசினதுபோல் இருந்தது. அந்தம்மாளுக்குப் பயம் வந்துவிட்டது. ஆனால் பயந்ததைக் காட்டிக்கொண்டால் இவர் இன்னும் முரண்டு பிடிப்பார் என்பதும் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துருவோம்ங்க. ஒரு தடவ பாத்துட்டா நிம்மதி."

"இன்னைக்குச் சனிக்கிழம லா. பார்க்கிங் கெடைக்குமா அங்க?"

வாசகரே, இதைக் கவனியுங்கள். நெஞ்சில் அம்மிக்கல்லோடு உட்கார்ந்திருக்கிற மனிதருக்கு மனத்தில் ஓடுவது, ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா என்பது. எமர்ஜென்சி வாசலில் இறங்கிக்கொள்ளலாம், ஓட்டிக்கொண்டு போனவர் இடம் தேடிக்கொள்ளட்டும் என்று தோன்றாது, ஏனென்றால் ஓட்டிக்கொண்டு போகப் போகிறவரே அவர்தான். வேறு யாராவது ஓட்டினால் இவருக்கு நெஞ்சு வலிக்கும்.

"அப்ப ஆம்புலன்ஸ கூப்பிடுறேன்."

"உனக்கென்ன பைத்தியமா? அது கத்திக்கிட்டு வரும். பதினேழு மாடியும் எட்டிப் பாக்கும். அப்புறம் வந்து, ஒன்னும் இல்ல, அங்கின்தான்னு சொல்லிட்டுப் போவான். லிஃப்ட்ல யார் மூஞ்சிலயாவது முழிக்க முடியுமா?"

காற்றுக்காரரின் பயம் சாவு அல்ல, பாருங்கள். பிழைத்துக்கொண்டால் எப்படி லிஃப்டில் ஏறுவது என்பதுதான்.

அடுத்த சடங்கு, நிபுணரைக் கலந்தாலோசிப்பது. நிபுணர் என்றால் டாக்டர் இல்லை. புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் சோமு. தச்சு வேலைக்காரர், பழைய கூட்டாளி, ஜூருவில் கார் எடுக்கும்போது கூட நிற்பதாக ஒப்புக்கொண்டிருந்தவர். சண்முகநாதன் கைப்பேசியில் கூப்பிட்டார்.

"சோமு, நெஞ்சு கொஞ்சம் அடைச்சாப்பல இருக்கு. நேத்து நாசி கண்டார்ல முட்டகோஸ் இருந்துச்சு."

"அட, எனக்கும் அப்படித்தான்ண்ணே வரும். ரெண்டு பல்லு பூண்ட பச்சையா முழுங்குங்க, டப்புனு எறங்கிரும். பதினோரு மணிக்கு வந்துருவீங்கல்ல?"

"வராம? வந்துருவேன்."

கைப்பேசியை வைத்துவிட்டுச் சண்முகநாதன் வெற்றியோடு நிமிர்ந்தார். "சோமுவுக்கும் அப்படித்தானாம்." இருவருக்கு ஒன்றுபோல் வந்தால் அது ஆபத்தானதாக இருக்க முடியாது என்பது இந்த இனத்தின் மருத்துவ விதி. சோமுவுக்கு நிஜத்தில் என்ன வருகிறது என்று பார்த்தவர் யாரும் இல்லை.

ஒன்பதே கால் ஆனது. புறப்படுவதற்காகச் சட்டையைப் போட்டார். மேல் பொத்தானைப் போடக் கை எழவில்லை. சரி, காலுறையைப் போடுவோம் என்று நாற்காலியில் உட்கார்ந்து குனிந்தார். ஒரு காலுறை ஏறியது. இன்னொன்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

கேலி கிடக்கட்டும், ஒரு நிமிஷம் அவர் மனத்துக்குள் போய்ப் பார்ப்போம். அவருக்குத் தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? ஆறரை மணிக்கே தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே வலியோடுதான் போனார். அன்றைக்கு அந்த வார்டில் படுத்துக்கொண்டு, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை விடியற்காலையில் வெள்ளைத் துணி போர்த்தித் தள்ளிக்கொண்டு போனதைப் பார்த்தவர் அவர். அந்தக் கட்டிலுக்குத் திரும்பிப் போக வேண்டுமே என்ற நினைப்பிலேயே அவருக்குக் கைகால் ஓடவில்லை. அங்கின் என்றால் இந்த வீட்டிலேயே இருக்கலாம். இதயம் என்றால் அங்கே போக வேண்டும். அவ்வளவுதான் அந்தச் சொல்லின் மகிமை. கையில் காலுறையோடு, மிகவும் பயந்துபோய், சண்முகநாதன் மனத்துக்குள் அங்கின், அங்கின் என்று ஜெபித்துக்கொண்டிருந்தார்.

பொன்னம்மை வந்து பார்த்தார். "என்னங்க" என்றார். அவர் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்தம்மாள் கைப்பேசியை எடுத்தார். எடுத்த கையை அவர் பிடித்துக்கொண்டார். பேசத்தான் முடியவில்லையே தவிர, ஆம்புலன்ஸைத் தடுக்க அந்த நிலையிலும் பலம் இருந்தது. கையை ஆட்டி, நெஞ்சைத் தடவிக் காட்டி, தைலம், தைலம் என்று ஜாடை செய்தார். வீட்டில் தைலம் தீர்ந்துபோயிருந்தது.

எதிர் வீட்டில் இருப்பவர் நோர்மா. மலாய்க்கார அம்மா, காலையில் கீழே நாசி லெமாக் விற்றுவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் மேலே வந்துவிடுவார். பொன்னம்மை ஓடிப்போய் அவர் கதவைத் தட்டினார். இருவரும் பேசியது மலாயில். நோர்மாவுக்கு அது தாய்மொழி, பொன்னம்மைக்குப் பாசாரில் மீன் வாங்குகிற அளவு.

"நோர்மா, மின்யாக் இருக்கா, மின்யாக்? எங்க வீட்டுக்காரருக்கு அங்கின். கை தூக்க முடியல, பேச்சு வரல."

நோர்மாவின் முகம் மாறிவிட்டது. "அங்கின் அஹ்மாரா?"

மலாய்க்காரர்கள் பக்கவாதத்துக்கு வைத்திருக்கிற பெயர் அங்கின் அஹ்மார். சிவப்புக் காற்று என்று அர்த்தம். கை எழாது, பேச்சு குழறும், மனிதன் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவான். இது பொன்னம்மைக்குத் தெரிய வாய்ப்பில்லை, மீன் கடையில் அந்தச் சொல் வராது. அவர் என்ன நினைத்தார் தெரியுமா? 'அஹ்மார்' என்பது ஏதோ தைலக் கம்பெனியின் பெயர் என்று நினைத்தார்.

"ஆமா ஆமா, அஹ்மார்தான். அதுவே போதும், சீக்கிரம் குடு" என்றார்.

நோர்மா தைலத்தைத் தேடவில்லை. இடுப்பிலிருந்து கைப்பேசியை எடுத்து 999-ஐ அழுத்தி, ஒன்பதாவது மாடி, அறுபது வயதைத் தாண்டிய ஆண், அங்கின் அஹ்மார், கை விழுந்துவிட்டது, பேச்சு இல்லை, உடனே வாருங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிமுடித்தார். தைலம் எங்கே என்று பொன்னம்மை கேட்டுக்கொண்டே நின்றார்.

எந்தச் சொல்லை வைத்து ஆம்புலன்ஸைத் தடுத்துக்கொண்டிருந்தாரோ, அந்தச் சொல்லே ஆம்புலன்ஸை அழைத்துக்கொண்டு வந்தது. கத்திக்கொண்டுதான் வந்தது. பதினேழு மாடியும் எட்டிப் பார்த்தது.

வந்தவர் அஸ்ஹர் என்ற இளைஞர், கூட இன்னொருவர். பக்கவாதம் என்று தகவல் போயிருந்ததால் அஸ்ஹர் நேராக வந்து சண்முகநாதனுக்கு முன்னால் மண்டியிட்டு, "பாக்சிக், சிரிங்க பாப்போம்" என்றார். பாக்சிக் என்றால் மலாயில் பெரியவரை மரியாதையாகக் கூப்பிடுவது; சிரிப்பு, முகம் கோணுகிறதா என்று பார்ப்பதற்கான சோதனை. சண்முகநாதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு தேடி வந்து, மானத்தை வாங்கி, சிரிக்கவும் சொல்கிறானே என்று. அந்தக் கோபத்தில் கொஞ்சம் குரல் திரும்பியது.

"எதுக்குச் சிரிக்கணும்?"

"சும்மா சிரிங்க, பாக்சிக்."

சிரித்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் பொன்னம்மை பார்த்த சிரிப்பிலேயே பயங்கரமானது அதுதான். ஆனால் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. கைகளும், நடுங்கினாலும், இரண்டும் ஒன்றுபோல் எழுந்தன.

"அங்கின் அஹ்மார் இல்ல" என்றார் அஸ்ஹர்.

சண்முகநாதன் மனைவி பக்கம் திரும்பினார். வேர்வை தாடையில் சொட்டிக்கொண்டிருந்தது. "பாத்தியா. ஒன்னும் இல்லன்னு சொல்றாரு."

அஸ்ஹர் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. அந்த வேர்வையைப் பார்த்தார், சாம்பல் முகத்தைப் பார்த்தார், சட்டையை விலக்கி வில்லைகளை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார். தாள் வெளியே வந்துகொண்டிருக்கும்போதே கூட வந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் ஸ்ட்ரெச்சரை எடுக்க ஓடினார்.

"பாக்சிக், இது ஜந்துங்."

ஜந்துங் என்றால் இதயம். மீன் கடையில் வராவிட்டாலும் இந்தச் சொல் பொன்னம்மைக்குத் தெரியும். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"வீட்ல ஸ்பிரே இருக்கா?" என்று அஸ்ஹர் கேட்க, பொன்னம்மை சாமி அறையிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். சீல் உடைக்கப்படாதது. தேதி முடிந்து நான்கு மாதம். அஸ்ஹர் அதைத் திருப்பிக்கொடுத்துவிட்டு, ரத்த அழுத்தம் பார்த்து, தன் பையில் இருந்ததை அடித்தார். பிறகு ஒரு மாத்திரையைக் கையில் கொடுத்து, மென்று விழுங்கச் சொன்னார்.

"இது கேஸ்ட்ரிக்குக்கு ஒத்துக்குமா?" என்று கேட்டார் சண்முகநாதன்.

"மெல்லுங்க, பாக்சிக்."

ஸ்ட்ரெச்சர் நடைபாதையில் போனது. வீட்டுக்கு வீடு கதவு திறந்திருந்தது. சண்முகநாதன் ஒரு காலில் மட்டும் காலுறையோடு, முகத்தில் ஆக்சிஜன் முகமூடியோடு, வாரால் கட்டிப் போட்டிருந்த அந்த நிலையிலும், ஒவ்வொரு வாசலையும் தாண்டும்போது கையை லேசாகத் தூக்கி, முகமூடிக்குள்ளிருந்தே, "சும்மா அங்கின்தான், சும்மா அங்கின்தான்" என்று சொல்லிக்கொண்டே போனார். லிஃப்ட் மூடும்வரைக்கும் சொன்னார்.

பிழைத்துக்கொண்டார். அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்களுக்குச் சிரிக்க மனம் வராது. பழைய ஸ்டென்டுக்குக் கொஞ்சம் தள்ளிப் புதிதாக ஓர் அடைப்பு. அன்றைக்கே திறந்து இன்னொரு ஸ்டென்ட் வைத்தார்கள். கார் ஜூருவிலேயே நின்றது.

மூன்றாம் நாள் டாக்டர் மோகனா வார்டுக்கு வந்தார். இளம் பெண், நம் பிள்ளை, அதட்டாமல் அதட்டுகிற குரல்.

"வலி எத்தன மணிக்கு ஆரம்பிச்சுச்சு, அங்கிள்? முதல் நாள் கேட்டப்போ ஒன்பதேகால்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா, ஒன்பதேகால்."

"ஆறரை" என்றார் பொன்னம்மை. "குளிச்சிட்டு வெளிய வரும்போதே நெஞ்சத் தடவிக்கிட்டுத்தான் வந்தாரு. நான் பாத்தேன்."

டாக்டர் தாளில் திருத்தி எழுதினார். "அந்த மூனு மணி நேரம்தான் அங்கிள் பிரச்சன. ரத்தம் போகாத எடத்துல தசை செத்துக்கிட்டே இருக்கும். கொஞ்சம் செத்துருச்சு. அது இனிமே திரும்பாது. முன்ன மாதிரி வேகமா நடக்க முடியாது, பாத்துப் பாத்துத்தான். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா நாம பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்."

சண்முகநாதன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சொல்ல ஒரு சாப்பாடும் அகப்படவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால், காற்றுக்காரர் திருந்தினார் என்று சுபம் போட்டுவிடலாம். ஆனால் இந்த இனம் அவ்வளவு லேசில் அழிகிற இனமா?

நான்காம் நாள் மத்தியானம் பொன்னம்மை அடுக்குத் தூக்கில் ரசம் சோறு எடுத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி லிஃப்டில் கூட்டம் என்று படியேறி வந்திருந்தார். தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது. நெஞ்சுக்குழியில் கையை வைத்து அமுக்கி, கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன?" என்றார் சண்முகநாதன்.

"ஒன்னும் இல்ல."

"என்னன்னு கேக்குறேன்ல."

"நெஞ்சு கொஞ்சம் ஒரு மாதிரி. நாலு நாளா ஓட்டமும் நடையுமா, நேரத்துக்கு சாப்பிடல. அங்கின்தான்."

அந்தச் சொல்லை ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார் சண்முகநாதன். கேட்டது அதுதான் முதல் தடவை. சொல்கிறபோது அது எவ்வளவு சௌகரியமாக இருந்தது, கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்கிறபோது ரத்தம் எப்படி உறைந்துபோகிறது என்று அவருக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. இவள் போய்விட்டால் என்ற நினைப்பு வந்தது. தலைமாட்டில் இருந்த அழைப்பு மணியை அமுக்கினார். விரலை எடுக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

"என்னங்க பண்ணுறீங்க. விடுங்க. எல்லாரும் பாக்குறாங்க, மானம் போகுது."

"போகட்டும்."

தாதிகள் ஓடி வந்து, இவருக்குத்தான் என்னவோ என்று இவரைப் பிடித்தார்கள். இவர் கம்பி வழியாகக் கையை நீட்டி மனைவியைக் காட்டினார். பொன்னம்மை வேண்டாம், வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் கீழே எமர்ஜென்சிக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது வார்டில் இருந்தவர்களைப் பார்த்து அந்தம்மாள் சொன்னது என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை.

இ.சி.ஜி. எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். அந்தச் சில மணி நேரமும் சண்முகநாதன் மேலே படுத்துக்கொண்டு, வருகிற தாதி போகிற தாதி எல்லோரிடமும் கீழே என்ன ஆச்சு, கீழே என்ன ஆச்சு என்று கேட்டு, தன் ரத்த அழுத்தத்தை ஏற்றி, தனக்கும் ஒரு இ.சி.ஜி. எடுக்க வைத்தார்.

சாயங்காலம் கீழே இருந்த டாக்டர் பொன்னம்மையிடம் சொன்னார். "ஹார்ட் நல்லா இருக்கு, ஆண்ட்டி. இந்தத் தடவ கேஸ்ட்ரிக்தான். ஆனா வந்தது ரொம்ப நல்லது. வலிய வச்சு நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. மெஷினும் ரத்தமும்தான் சொல்லணும். அடுத்த தடவ வந்தாலும் இதே மாதிரி ஓடி வரணும், சரியா?"

இதில் பொன்னம்மையின் காதில் விழுந்தது எது என்று நினைக்கிறீர்கள்?

வீடு திரும்பி இப்போது இரண்டு மாதம் ஆகிறது. சண்முகநாதன் ஸ்பிரேயைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார், கேஸ்காரரின் எண்ணைக் கிழித்துவிட்டார், மெதுவாக நடக்கிறார். பொன்னம்மைக்குத்தான் வாரம் ஒரு தடவை நெஞ்சு ஒரு மாதிரி ஆகிறது. கேட்டால், நிமிர்ந்து உட்கார்ந்து, "எனக்கு அங்கின்தான். உங்கள மாதிரி நானா சொல்லிக்கல. டாக்டரே மெஷின் வச்சுப் பாத்துச் சொன்னது" என்கிறார். சான்றிதழ் பெற்ற காற்றுக்காரரை யாரால் அசைக்க முடியும்? போன வாரம் வலி தோளுக்கு ஏறியபோதும் அப்படித்தான் சொன்னார். சண்முகநாதன் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார். அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. மனைவி தூங்கும்போது போர்வை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

நீங்கள் சிரித்தீர்கள், சந்தோஷம். அந்த முட்டைக்கோசுக்குச் சிரித்தீர்கள், காலுறைக்குச் சிரித்தீர்கள். ஆனால் படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் ஓரிடத்தில் உங்கள் கை நெஞ்சுக்குப் போய், ஒரு தடவு தடவிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று திரும்பி வந்ததே, அது என்ன? படியேறும்போது வந்து, நின்றால் போய்விடுகிறதே, இரண்டு வாரமாக வீட்டில் யாரிடமும் சொல்லவில்லையே, அதுவா? அது வேறு, உங்களுக்கு நிஜமாகவே காற்றுதான் என்கிறீர்கள். இருக்கலாம், நான் யார் மறுக்க? ஒன்று மட்டும் செய்யுங்கள். அது எப்போது ஆரம்பித்தது என்பதைப் பக்கத்தில் இருக்கிறவரிடம் உண்மையாகச் சொல்லிவையுங்கள். டாக்டர் கேட்கிறபோது பதில் சொல்லப்போகிறவர் நீங்களாக இல்லாமலும் போகலாம்.